கிளாம்ப் வைத்த டிரெக்கிங் போல்: கடலோரக் குன்றுப் பாதையில் 14 மாதம்

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மூன்று அலுமினியக் குழாய்கள் கொண்ட டிரெக்கிங் போல், அதாவது மலைப்பாதையில் ஊன்றி நடக்கிற கோல், ஒரு ஜோடி. முழுக்கச் சுருக்கினால் 65 செ.மீ., முழுக்க நீட்டினால் 135. கைப்பிடி தக்கை. பூட்டு வெளியே தெரிகிற மாதிரி, விரலால் மடக்கித் திறக்கிற கிளாம்ப். முனையில் டங்ஸ்டன் கார்பைடு. இரண்டும் சேர்ந்து அரைக் கிலோ சொச்சம் எடை. வாங்கி 14 மாதம் ஆகிறது. இதுவரை 31 முறை இவற்றோடு கடலோரக் குன்றுகளின் மேல் நடந்திருக்கிறேன். காட்டுப் பாதையிலும் பனி மலையிலும் இவை எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கடலை ஒட்டிய பாதைக்காகவே வாங்கினேன், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

லேத் பட்டறையில் 30 வருடம் வேலை பார்த்தவன் நான். கையில் எந்தச் சாமான் வந்தாலும் எங்கே ஆட்டம் இருக்கிறது, எங்கே பிடிப்பு இருக்கிறது என்று முதலில் விரல் தேடும். நான்கு வருடத்துக்கு முன் இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை ஆயிற்று. நன்றாக நடக்கலாம், இறக்கத்தில் மட்டும் பார்த்து இறங்குங்கள் என்றார் டாக்டர். எனக்குப் பிடித்ததோ கடலோரக் குன்றுப் பாதை. அதில் இறக்கத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஒவ்வொரு ஓடையும் கடலில் சேருகிற இடத்தில் பாதை கீழே இறங்கும், மறுபடி ஏறும். ஒன்பது கிலோமீட்டர் நடந்து முடித்தால் ஒரு சின்ன மலையையே ஏறி இறங்கிய கணக்கு ஆகிவிடும்.

1999-இல் வெளியான ஓர் ஆய்வில், 25 டிகிரி சரிவில் கோல் ஊன்றி இறங்கும்போது முழங்கால் மூட்டில் விழும் பாரம் 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். என் முழங்காலுக்கு அந்த எண்ணெல்லாம் தெரியாது. கோல் இருந்த நாளில் இரவு ஐஸ் வைக்க வேண்டியிருக்கவில்லை, இல்லாத நாளில் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் என் கணக்கு.

இந்த ஜோடிக்கு முன்னால் வேறொரு ஜோடி வைத்திருந்தேன். அதில் பூட்டு குழாய்க்குள்ளே இருக்கும். கீழ்க் குழாயைத் திருகினால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் கட்டை விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். பார்க்க அழகு, எடையும் குறைவு. ஆனால் அந்தக் கட்டையும் குழாயின் உட்சுவரும் சுத்தமாக இருந்தால்தான் பிடிக்கும். கடலோரத்தில் எது சுத்தமாக இருக்கும்? மணல் நுழையும், உப்பு படியும். ஏழாவது மாதம், மழை விட்ட ஒரு காலை, மரப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். வலது கோலைக் கீழ்ப்படியில் ஊன்றிப் பாரத்தை இறக்கினேன். கோல் சத்தமே இல்லாமல் ஒரு சாண் உள்ளே போய்விட்டது. நான் முன்னால் சாய்ந்தேன். பின்னால் வந்த மகள் பையைப் பிடித்து இழுத்ததால் உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். உள்ளங்கை சிராய்த்ததோடு போயிற்று. அந்தப் படிக்கட்டுக்குக் கடல் பக்கம் கைப்பிடிக் கம்பி கிடையாது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

"அப்பா, இதைத் தூக்கிப் போட்டுடுங்க" என்றாள். போட்டுவிட்டேன்.

புது ஜோடியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கிளாம்ப்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆளின் உயிர் நிற்கிறது. குழாயைச் சுற்றி ஒரு வளையம், வளையத்தில் ஒரு வெட்டு. நெம்பை மடக்கினால் வெட்டின் இரண்டு உதடுகளும் நெருங்கி, மேல்குழாய் உள்குழாயை இறுக்குகிறது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருக்கிற ஒரு சிறிய திருகு தீர்மானிக்கும். பூட்டு முழுக்க வெளியே இருப்பதால் மூடியிருக்கிறதா, பாதியில் நிற்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மணல் புகுந்தாலும் துடைக்க முடியும். கையுறை போட்டுக்கொண்டே திறக்க முடியும். சரி, இதிலும் நழுவாதா என்றால், நழுவும். திருகு கொஞ்சங்கொஞ்சமாகத் தளரும். எனக்கு ஐந்தாறு நடைக்கு ஒரு தடவை கால் சுற்று இறுக்க வேண்டியிருக்கிறது. நெம்பை மடக்கும்போது விரல் நுனியில் லேசாக வலிக்க வேண்டும், வெண்ணெய் போல் மடங்கினால் அது தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அளவுக்கு மீறி இறுக்கினால் வளையம் விரிசல் விடும், அதனால் பலத்தைக் காட்டக் கூடாது.

பாதை தொடங்குகிற இடத்திலேயே, சமதரையில் நின்று, ஒவ்வொரு கோலையும் நேராக ஊன்றி உடம்புப் பாரத்தை முழுக்கப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் திருகைப் பிடித்துவிட்டுத்தான் கிளம்புவது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரிய படிக்கட்டுக்கு முன்னால் இன்னொரு தடவை.

முனை விஷயத்துக்கு வருகிறேன். லேத்தில் இரும்பைச் சீவ நாங்கள் மாட்டும் டிப்பும் டங்ஸ்டன் கார்பைடுதான். அவ்வளவு கடினம். 31 நடைக்குப் பிறகும் இரண்டு முனைகளும் விளிம்பு மழுங்காமல் இருக்கின்றன. களிமண்ணிலும் புல்லிலும் சரளையிலும் நன்றாகக் கவ்வுகிறது. சொரசொரப்பான மணற்பாறையிலும் பரவாயில்லை. ஆனால் கடல் தண்ணீர் தெளிக்கும் இடத்தில் பாசி படிந்த வழவழப்பான பாறை இருக்குமே, அதில் கார்பைடு கண்ணாடியில் ஆணி போலச் சறுக்கும். அங்கே முனையில் மாட்டும் ரப்பர் குல்லாவும் உதவாது. கோலைத் தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தாவது நகர்ந்துவிட வேண்டியதுதான். மரப் பலகைப் பாலத்தில் ரப்பர் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முனை பலகை இடுக்கில் மாட்டும், பலகையும் குத்துப்பட்டுக் கெடும். ரப்பர் குல்லா சேற்றில் கழன்று போவது இந்த ஜோடியின் நிஜமான குறை. மூன்று தொலைந்தாயிற்று. இப்போதெல்லாம் சேறு வரும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறேன். முனைக்கு மேலே இருக்கிற வட்டத் தட்டு மட்டும் எப்போதும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் நனைந்த களிமண்ணில் கோல் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிடும்.

இனி விளிம்பு. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கோல் வாங்கிய புதிதில் எனக்கு ஒரு தைரியம் வந்தது. நாலு கால் இருக்கிறது, இனி விழ மாட்டோம் என்ற தைரியம். 11-வது நடையில் அது போயிற்று. ஒரு புல்மேட்டின் தலைப்பில் மூன்றடி அகலப் பாதை. வலப்பக்கம் கடல், எப்படியும் ஐம்பது மீட்டர் கீழே. முந்தின நாள் மழையில் பாதை நடுவே குட்டை தேங்கியிருந்தது. முன்னால் போனவர்கள் எல்லோரும் செருப்பு நனையாமல் இருக்கக் கடல் பக்கமாக ஒதுங்கி நடந்து, அங்கே ஒரு புதுத் தடம் விழுந்திருந்தது. நானும் அதில் கால் வைக்கப் போனேன். வலது கோல் எனக்கு முன்னால் ஒரு புல் கொத்தின் ஓரத்தில் இறங்கியது. இறங்கியது என்றால், தடையே இல்லாமல் இறங்கியது. கரண்டிக் காம்பு தயிருக்குள் போவது மாதிரி ஓர் அடிக்கு மேல் உள்ளே போயிற்று. கையை இழுத்துக்கொண்டேன். கோலை வெளியே எடுத்தால் முனையில் மண் இல்லை. காய்ந்த வேர் இரண்டு ஒட்டியிருந்தது. ஓட்டையிலிருந்து குளிர்ந்த காற்று புறங்கையில் பட்டது.

குனிந்து பார்க்கவில்லை. "நில்லும்மா, பின்னால போ" என்றேன். இருவரும் வந்த தடத்திலேயே நாலு எட்டு பின்வாங்கி, குட்டைக்கு நிலப்பக்கமாகச் சேற்றில் இறங்கி நடந்தோம். கணுக்கால் வரை சேறு. பாதை வளைந்து அடுத்த முனைக்குப் போனதும் திரும்பிப் பார்த்தோம். நாங்கள் நின்ற இடம் பக்கவாட்டில் தெளிவாகத் தெரிந்தது. ஓட்டு வீட்டுத் தாழ்வாரம் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரிப் புல்லும் வேரும் சேர்ந்த ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. மேலே இருந்து பார்த்தால் பச்சைப் புல்வெளி. மகள் ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். நானும்தான்.

அலை கீழே அடிக்கிறது, அடிவாரத்தைக் குடைகிறது. மழை மேலிருந்து இறங்குகிறது, மண்ணைக் கனக்க வைத்து வெடிப்பு விடச் செய்கிறது. நடுவில் இருக்கிற பாறை ஒரு நாள் தாங்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறது. சுண்ணாம்புப் பாறையும் மணற்பாறையும் களிமண்ணும் என்றால் இது இன்னும் சீக்கிரம். மால்டா நாட்டில் கடலுக்குள் ஜன்னல் மாதிரி நின்ற புகழ்பெற்ற பாறை வளைவு 2017 மார்ச் 8-ஆம் தேதி புயலில் இடிந்து விழுந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கடற்கரையில் 1990 ஜனவரியில் பாலம் போன்ற ஒரு பாறையின் கரையோடு சேர்ந்த வளைவு விழுந்து, மறுபக்கம் நின்ற இரண்டு பேரை ஹெலிகாப்டர் வந்து மீட்டது. 2019 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் என்சினிடாஸில் குன்றின் ஒரு துண்டு சரிந்து, கீழே கடற்கரையில் உட்கார்ந்திருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பெண்கள் இறந்தார்கள். அவர்கள் விளிம்பில் நிற்கவில்லை, கீழே உட்கார்ந்திருந்தவர்கள். மேலே நடக்கிறவன் விளிம்பிலிருந்து தள்ளி நடந்தால் மட்டும் போதாது, கீழே இறங்கினால் குன்றின் அடியில் பாய் விரிக்கவும் கூடாது.

அன்றையிலிருந்து கடல் பக்கக் கோலில் நான் பாரம் போடுவதே இல்லை. நிலப்பக்கக் கோல்தான் என் கால். கடல் பக்கக் கோல் என் விரல், தரையைத் தட்டிக் கேட்க மட்டும். சரிவைக் குறுக்கே கடக்கும்போது பள்ளப் பக்கக் கோலை நீட்டிக்கொண்டு அதில் சாய்ந்து நட என்று பொதுவாகச் சொல்லிக் கொடுப்பார்கள். சாதாரண மலைச்சரிவில் அது சரியான பாடம். கடலோரக் குன்றில் பள்ளப் பக்கம் என்பதே கடல் பக்கம்தான். அங்கே அந்தப் பாடத்தைக் கேட்டுச் சாய்ந்தால், சாய்கிற இடம் தாழ்வாரமாக இருக்கலாம். நான் கோலை நீட்டுவதில்லை. வேகத்தைக் குறைத்து, நிலப்பக்கக் கோலைக் கொஞ்சம் சுருக்கி, அதில் சாய்ந்து போகிறேன்.

விளிம்புக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கும் இந்தக் கோல்தான் அளவு. முழுக்க நீட்டினால் 135 செ.மீ., நாலு கோல் நீளம் என்றால் ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேலி இல்லாத இடத்தில் அதற்குள் நான் போவதில்லை. வேலி இன்னும் உள்ளே தள்ளி இருந்தால் வேலிதான் கணக்கு. பாதையை வேலியோடு பின்னால் நகர்த்திப் போட்டிருந்தால், பழைய பாதைக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். விளிம்புக்கு இணையாக மண்ணில் ஒரு வெடிப்பு ஓடினால், அந்த வெடிப்பையே விளிம்பு என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து நாலு கோல் எண்ணுகிறேன். தட்டிப் பார்க்கும் சத்தத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஓர் அடி ஆழம் வரைதான் கோல் சொல்லும். பத்தடிக்குக் கீழே இருக்கிற பொந்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்று. பழைய ஜோடிக் காலத்தில் ஒரு நாள் தண்ணீர் குடிக்க நின்றபோது, புல்லில் சாய்த்து வைத்த ஒரு கோல் உருண்டு சரிவில் இறங்கி, விளிம்புக்கு இரண்டு மீட்டர் முன்னால் ஒரு புதரில் நின்றது. மகள் சட்டென்று எழுந்து போனாள். நான் கத்திய கத்தில் பக்கத்தில் இருந்த பறவைகள் எழும்பின. "விடும்மா, போகட்டும்." கோல் அங்கேயே கிடந்தது, நாங்கள் ஒற்றைக் கோலோடு திரும்பினோம். தொப்பி பறந்தாலும் போன் விழுந்தாலும் இதேதான். இப்போது நின்றால் கோலைப் படுக்க வைப்பதில்லை, நிலப்பக்கம் தரையில் குத்தி நிறுத்துகிறேன்.

மணிக்கட்டுப் பட்டையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கையைக் கீழிருந்து மேலாகப் பட்டைக்குள் விட்டு, பட்டையோடு சேர்த்துப் பிடியைப் பிடித்தால் பாரம் மணிக்கட்டில் விழும், விரல் களைக்காது. ஏற்றத்தில் அப்படியே நடக்கிறேன். பாறை இடுக்கு வந்தாலும் ஓடை வந்தாலும் பட்டையிலிருந்து கையை எடுத்துவிடுவேன். மாட்டிக்கொண்ட கோல் ஆளையும் பிடித்து இழுக்கும். இந்த ஜோடியின் பட்டை வியர்வையும் உப்பும் குடித்துக் காய்ந்ததும் அட்டை மாதிரி விறைத்து மணிக்கட்டை அறுக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அலசினால் சரியாகிறது.

நீளம்: முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். எனக்குச் சமதரையில் 120. இறங்கும்போது 5 முதல் 10 செ.மீ. கூட்டுகிறேன், ஏறும்போது அதே அளவு குறைக்கிறேன். குழாயில் அச்சடித்த எண்கள் இன்னும் அழியவில்லை, நல்ல அச்சு.

காற்றுக்கு இந்தக் கோல் ஓர் எச்சரிக்கை மணி மாதிரி வேலை செய்கிறது. வாங்கும்போது நான் எதிர்பார்க்காத பயன் இது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடம்பைத் தள்ளும் விசை நாலு மடங்காகிறது. குன்றின் முகத்தில் மோதி மேலேறும் காற்று விளிம்பருகே இன்னும் வேகம் எடுக்கும். கடலிலிருந்து வீசினால் நாம் கடலைப் பார்த்துச் சாய்ந்துகொண்டு நடப்போம். திடீரென்று காற்று நின்றால் சாய்ந்த பக்கம் தடுமாறுவோம். நிலத்திலிருந்து கடலுக்கு வீசினால் கேட்கவே வேண்டாம். தூக்கிய கோலின் முனை நான் குறி வைத்த இடத்தில் விழாமல் ஒரு சாண் தள்ளி விழ ஆரம்பித்தால், அன்றைய நடை அதோடு முடிந்தது. திரும்பிவிடுகிறேன். 31-இல் நான்கு முறை இப்படித் திரும்பியிருக்கிறோம். ஒரு தடவை முடிவுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் பாக்கி. மகளுக்கு வருத்தம்தான், ஆனால் அவளும் தன் கோல் முனை ஆடுவதைப் பார்த்திருந்தாள்.

பாதை கடற்கரைக்கு இறங்குகிற இடங்களில் ஓத நேரம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம், தெரியாமல் போகாதீர்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்று பார்த்த நேரம் இன்றைக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப் போயிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே இறங்கி, கடல் திரும்பி ஏறத் தொடங்கும் முன் மேலே வந்துவிட வேண்டும். இறங்கியதும் அலை தொடும் இடத்துக்குச் சற்று மேலே கோலால் மணலில் ஒரு கோடு கிழித்துவைப்பேன். கொஞ்ச நேரத்தில் கோடு நனைந்தால் கிளம்பு என்று அர்த்தம். ஓடையைக் கடக்க வேண்டியிருந்தால் கோலை முதலில் இறக்கி ஆழம் பார்க்கிறேன். முழங்காலுக்கு மேல் போனால் கடப்பதில்லை. கடலுக்கு முதுகு காட்டி நிற்பதும் இல்லை.

பராமரிப்புதான் இந்தச் சாமானின் ஆயுள். குழாய் 7075 ரக அலுமினியம். பட்டறையில் இதை எத்தனையோ முறை சீவியிருக்கிறேன். சாதாரண இரும்புக்கு மேல் உறுதி, ஆனால் துத்தநாகமும் செம்பும் கலந்திருப்பதால் 6061 ரகத்தைவிட உப்பு இதைச் சீக்கிரம் தின்னும். அதிலும் துருப்பிடிக்காத எஃகுத் திருகு அலுமினியத்தைத் தொடுகிற இடத்தில் உப்புத் தண்ணீர் தேங்கினால், பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்தாற்போல் தெரியும். மூன்றாவது மாதம் கீழ்க் கிளாம்பின் திருகைச் சுற்றி அப்படி ஒரு சிட்டிகை பூத்திருந்தது. அந்த ஒரு தடவை சோம்பல்பட்டு அப்படியே மூலையில் வைத்திருந்தேன்.

இப்போது செய்வது இது. வீட்டுக்கு வந்த அன்றே மூன்று குழாயையும் பிரித்து, குழாய்த் தண்ணீரில் உள்ளும் வெளியும் அலசுவேன். உள்ளே ஒரு குச்சியில் துணி சுற்றித் துடைப்பேன். பிரித்த நிலையிலேயே இரவு முழுக்க நிழலில் காயும். காலையில்தான் சேர்ப்பது. எண்ணெய் மட்டும் போட்டுவிடாதீர்கள். பட்டறைக்காரன் கைக்கு எண்ணெய் டப்பாவைத் தேடும் பழக்கம் உண்டு, ஆனால் கிளாம்ப் பிடிக்கிற குழாயில் எண்ணெய் பட்டால் பூட்டு நழுவும். சுருக்கிய நிலையில் ஈரத்தோடு வைத்தால் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தாலும் வராது.

மகள் முதலில் வாங்கியது கார்பன் கோல். எடை இதைவிடக் குறைவு, ஊன்றும்போது கைக்கு அதிர்வும் குறைவு. நானே ஆசைப்பட்டேன். ஒரு ஓடை முகத்தில் இரண்டு கற்களுக்கு நடுவே முனை மாட்டிக்கொண்டது. அவள் நடந்த வேகத்தில் ஓர் எட்டு முன்னால் போய்விட்டாள். காய்ந்த மூங்கில் முறிகிற சத்தம். இரண்டு துண்டு. அலுமினியமாக இருந்திருந்தால் வளைந்திருக்கும், வளைந்த கோலை முழங்காலில் வைத்து ஓரளவு நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். கார்பனில் கல் கீறிய இடத்தில்தான் பெரும்பாலும் முறிவு தொடங்கும். கல் நிறைந்த கடலோரத்தில் அதைத் தவிர்க்கவும் முடியாது. எடைக்காகக் கார்பன் என்பவர்களைத் தடுக்க மாட்டேன், இந்தப் பாதைக்கு நான் வாங்க மாட்டேன்.

குறைகளில் சொல்ல வேண்டியது இன்னும் இரண்டு. தக்கைப் பிடியின் கீழ் விளிம்பு உதிர்கிறது, இடது கோலில் நகம் அளவு துண்டு போய்விட்டது. பிடிப்பு என்னவோ நனைந்த கையிலும் நன்றாகவே இருக்கிறது, அதனால் பொறுத்துக்கொள்கிறேன். அடுத்தது உதிரிப் பாகம். தொலைந்த ரப்பர் குல்லாவுக்குப் பதில் கேட்டபோது விற்றவர்கள் அனுப்பியது உள்ளே ஒரு மில்லிமீட்டர் அதிகம். வெர்னியர் வைத்து அளந்து, அளவைப் படமெடுத்து அனுப்பிய பிறகும் சரியானது வந்து சேர மூன்று வாரம். திருகு, குல்லா, முனை மூன்றும் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். உயரத்தில் தலைசுற்றல் இருப்பவர்கள் கோல் இருக்கிறதே என்று விளிம்புப் பாதைக்கு வர வேண்டாம். சின்னக் குழந்தையைக் கைபிடித்து நடத்துபவர்களுக்கும் இரண்டு கோல் சரிப்படாது, ஒரு கையாவது குழந்தைக்கு வேண்டும். செருப்பு வழுக்குகிறது என்று கோல் தேடுபவர்கள் முதலில் பள்ளம் ஆழமான அடிப்பாகம் உள்ள ஷூ வாங்கட்டும்.

கடைக்குப் போய் வாங்குவதானால் இப்படிப் பாருங்கள். முழுக்க நீட்டாமல் உங்கள் அளவுக்கு நீட்டிப் பூட்டுங்கள். நேராக ஊன்றி இரண்டு கையாலும் அழுத்துங்கள். இறங்குகிறதா? திருகை இறுக்கி மறுபடி அழுத்துங்கள். அப்போதும் இறங்கினால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு கோலைக் கிடையாகப் பிடித்து உதறுங்கள், மூட்டில் டக்டக் என்று ஆட்டம் கேட்கக் கூடாது. திருகை இறுக்க ஸ்பேனர் வேண்டுமா, நாணயமோ விரலோ போதுமா என்றும் பாருங்கள். பாதையில் ஸ்பேனர் இருக்காது. கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் இத்தனையும் செய்து பார்த்த பிறகு பணப்பையைத் திறவுங்கள்.

மகள் போன வாரம் இதே ஜோடியை வாங்கிவிட்டாள், அவளுக்கு 110. ஞாயிற்றுக்கிழமை அந்தப் புல்மேட்டுக்குப் போனோம். குட்டை இருந்த இடத்துக்கு நிலப்பக்கமாகக் கல் போட்டுப் புதுப் பாதை அமைத்து, பழைய தடத்தைக் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். அந்தப் புல் கொத்து இருந்த இடத்தில் வானம்தான் தெரிந்தது.